திரை ஏன் சிமிட்டுகிறது? ஒரு பழைய கேள்வியும் அதன் நான்கு விடைகளும்

1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியின் ஊர்ப்புறங்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் மையம். அங்கிருந்து சுற்றுவட்டார ஊர்களுக்குக் கம்பியில்லா வானொலி அலைகள் வழியாகத் தகவல் போனது. ஏம்பலத்தில் கணினிக்கு இடம் தந்தது ஊர்க் கோயில். அந்த அறையை ஊர்ப் பெண்களே நடத்தினார்கள். நெல் விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவர் வரும் நாள் என்று தேடி வந்தவர்களுக்குத் திரையில் பார்த்துச் சொன்னார்கள். 2000-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஏம்பலத்தைப் பற்றி எழுதியது. 2001-இல் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

அந்தத் திட்டத்தின் வடிவமைப்பில் ஒரு சிறு விஷயம் கவனிக்கத்தக்கது. கணினிகளுக்கு ஊர் மின்சாரம் மட்டும் போதாது என்று முதலிலேயே கணித்து, சூரிய மின்தகடுகளையும் சேர்த்தே பொருத்தினார்கள். திரை நின்று எரிய வேண்டும் என்றால் முதலில் மின்சாரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பது அன்றைய நியாயமான முடிவு.

கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று அதே வட்டாரத்தில் பாடம், படம், பாட்டு, பட்டிமன்றம் எல்லாம் கைபேசியிலும் லேப்டாப்பிலும் ஓடுகின்றன. எழுத்தைப் படிக்கும்போது அமைதியாக இருக்கும் திரை, காணொளி ஓடத் தொடங்கியதும் சிமிட்டுகிறது. விட்டு விட்டு எரிகிறது. ஒரு நொடி கறுத்துத் திரும்புகிறது. வீட்டில் கரண்டைக் குறை சொல்கிறார்கள். கடையில் டிஸ்ப்ளே போய்விட்டது என்கிறார்கள். கணினி படித்த பிள்ளை டிரைவரை மாற்று என்கிறது. மூன்றும் அனுபவத்திலிருந்து வந்த விடைகள்தாம். இவற்றைவிடப் பழைய நான்காவது விடை மனிதக் கண்ணைச் சுட்டுகிறது. எது எப்போது பொருந்தும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஒரு பெயருக்குள் பல கோளாறுகள்

விடைகளை எடைபோடுவதற்கு முன், சிமிட்டல் என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குறைந்தது ஐந்து வெவ்வேறு நிகழ்வுகள் இந்தப் பெயரில் உலவுகின்றன.

திரையின் ஒளியே கூடிக் குறைவது ஒன்று. காணொளிச் சட்டகங்களுக்கு இடையே வெள்ளையோ கறுப்போ மின்னி மறைவது இரண்டு. திரை முழுதும் ஓரிரு நொடி அணைந்து திரும்புவது மூன்று. படம் பிடித்தபோதே காணொளிக்குள் பதிவாகிவிட்ட பட்டைகளும் துடிப்பும் நான்கு. படம் வழுக்கிச் செல்லாமல் தடுக்கித் தடுக்கி நகர்வது ஐந்து.

கடைசியாகச் சொன்னது, கண்டிப்பாகப் பார்த்தால், சிமிட்டலே இல்லை. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம். பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கின்றன. 60-ஐ 24 மிச்சமின்றி வகுக்காது. அதனால் ஒரு சட்டகம் இரண்டு துடிப்பும் அடுத்தது மூன்று துடிப்புமாக நிற்கிறது. கேமரா பக்கவாட்டில் மெல்லத் திரும்பும் காட்சிகளில் இந்தத் தடுக்கல் கண்ணில் படும். இதற்காகப் பேனலை மாற்றினால் பணம்தான் போகும். தடுக்கல் அப்படியே இருக்கும்.

முதல் விடை: கண்

சிமிட்டல் பற்றிய மிகப் பழைய விடை மனிதக் கண்ணிலிருந்து தொடங்குகிறது. 1830-களில் இங்கிலாந்தில் டால்பட்டும் பெல்ஜியத்தில் பிளாட்டோவும் இதை ஆராய்ந்தார்கள். விட்டு விட்டு எரியும் ஒளி போதிய வேகத்தை எட்டினால், அது இடைவிடாத ஒளியாகவே தெரியும்; அதன் பிரகாசம் சராசரி அளவில் இருக்கும் என்பது அவர்கள் பெயரால் வழங்கும் விதி. சிமிட்டல் மறையும் அந்த வேகம் ஒளியின் அளவைப் பொறுத்தது என்பதைப் பின்னர் வந்த ஃபெர்ரி, போர்ட்டர் இருவரின் ஆய்வுகள் காட்டின. ஒளி கூடக் கூட, சிமிட்டலை மறைக்க இன்னும் அதிக வேகம் வேண்டும்.

தமிழ்நாட்டில் சினிமா பரவியது இந்த விதியின் மேல்தான். 1905-இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். ஊமைப்படக் காலத்தில் கருவியைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டகம். அந்த வேகத்தில் திரை கண்கூடாகத் துடிக்கும். அதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. விளக்குக்கு முன்னால் சுழலும் தகட்டுக்கு மூன்று இறக்கை வைத்தார்கள். ஒரே சட்டகம் மூன்று முறை மின்னியது. நொடிக்கு 48 மின்னல். பேசும்படம் வந்து வேகம் 24 ஆனதும் இரண்டு இறக்கையே போதுமானது, அப்போதும் 48.

இந்த விடையின் பலம், சிமிட்டல் என்பது இயந்திரமும் கண்ணும் சேர்ந்து உண்டாக்கும் நிகழ்வு என்று அது காட்டியது. பலவீனம், கண்ணுக்கு ஒரே ஓர் எல்லை உண்டு என்ற எண்ணத்தை அது விட்டுச் சென்றது. எல்லை ஆளுக்கு ஆள் மாறும். நேர்ப்பார்வையை விடக் கடைக்கண் சிமிட்டலைக் கூர்மையாக உணரும். கண் வேகமாக நகரும்போது எல்லை இன்னும் ஏறுகிறது. கூர்மையான விளிம்புகள் கொண்ட காட்சியில் 500 ஹெர்ட்ஸ் வேகத்திலும் சிமிட்டலின் தடயத்தை மனிதர்கள் உணர்வதாக 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே ஒருவர் திரை சிமிட்டுகிறது என்றும் பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் இல்லை என்றும் சொன்னால், இருவருமே உண்மை சொல்லக்கூடும்.

இரண்டாம் விடை: மின்சாரம்

இந்திய வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 100 முறை அது உச்சத்தைத் தொடுகிறது. பழைய சோக் வைத்த குழல்விளக்கு அத்தனை முறையும் மங்கி எரியும். தொலைக்காட்சியும் இதே தாளத்தோடு இணைக்கப்பட்டது. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது பின்பற்றிய முறை 625 வரி, நொடிக்கு 25 படம். ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு பாதியாகப் பிரித்து, நொடிக்கு 50 பாதிப்படங்களாகக் காட்டினார்கள். மின்சாரத்தின் தாளத்தோடு படத்தின் தாளம் ஒத்துப்போனால், மின் இரைச்சலால் தோன்றும் பட்டைகள் திரையில் ஊர்ந்து தொந்தரவு செய்யாது என்பது அந்தத் தேர்வுக்கு ஒரு காரணம்.

படக்குழாய்த் தொலைக்காட்சி இருந்த வீடுகளில் ஸ்டெபிலைசரும் பக்கத்தில் இருந்தது. மின்னழுத்தம் இறங்கினால் படம் சுருங்கும், துடிக்கும். வயலில் பம்புசெட் மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குவதை ஊர்ப்புறத்தார் அனைவரும் பார்த்திருப்பார்கள். இதை அளப்பதற்கென்றே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரவரையறை ஒன்று உண்டு. 60 வாட் குண்டு பல்பையும் அதைப் பார்க்கும் மனிதக் கண்ணையும் மாதிரியாக வைத்து அது அமைந்தது. அந்த மாதிரியின்படி, நொடிக்கு ஏறத்தாழ 9 முறை நிகழும் ஏற்ற இறக்கம்தான் கண்ணை அதிகம் உறுத்துவது.

இந்த விடை இன்றைக்கு எவ்வளவு பொருந்தும்? ஓரளவுக்குத்தான். இன்றைய சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்று, நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருகின்றன. நடுவில் பேட்டரியும் இருக்கிறது. பம்புசெட்டால் விளக்கு மங்கும் அதே நொடியில் லேப்டாப் திரை அசையாமல் நிற்பதே இயல்பு. மட்டமான சார்ஜர், தளர்ந்த பின், நில இணைப்பு இல்லாத பிளக் ஆகியவற்றால் கோளாறு வரலாம். ஆனால் காணொளி ஓடும்போது மட்டும் வரும் சிமிட்டலுக்கு ஊர் மின்சாரத்தை முதல் காரணமாகச் சொல்வது கடினம்.

மின்சாரம் வேறொரு வாசல் வழியாக உள்ளே வருகிறது. காணொளி எடுத்த இடத்து விளக்கு நொடிக்கு 100 முறை துடித்து, கேமரா 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான அமைப்பில் இருந்தால், படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊரும். கைபேசிக் கேமரா படத்தை வரிவரியாகப் பதிவதால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். குழல்விளக்கு அடியில் எடுத்த பாடக் காணொளிகளிலும் சமையல் காணொளிகளிலும் இதைக் காணலாம். கேமராவில் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றினாலோ, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு நேரம் ஒளி விழுமாறு அமைத்தாலோ பட்டை மறையும். பார்ப்பவர் பக்கத்தில் இதற்கு மருந்து இல்லை. எடுப்பவர் பக்கத்தில்தான் இருக்கிறது.

மூன்றாம் விடை: பேனல்

பழுதுபார்க்கும் கடைகளில் அதிகம் கேட்கும் விடை இது. இதற்குள்ளும் மூன்று தனித்தனி வாதங்கள் உள்ளன.

முதலாவது, இணைப்பு. லேப்டாப்பின் மூடியைத் திறந்து மூடும் கீல் வழியாக மெல்லிய டிஸ்ப்ளே கேபிள் செல்கிறது. ஆண்டுக்கணக்கில் மடங்கி மடங்கி அது தளரும். மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கும்போது சிமிட்டல் கூடிக் குறைந்தால், குற்றம் பெரும்பாலும் கேபிளில் இருக்கிறது. இதற்கு ஆகும் செலவும் முழுப் பேனலுக்கு ஆகும் செலவும் ஒன்றல்ல. லேப்டாப்பை வெளியே ஒரு தொலைக்காட்சியோடு கேபிளால் இணைத்துப் பார்ப்பது துணைச் சோதனை. அங்கே படம் சீராக ஓடினால் கோளாறு உள்திரையின் பக்கம் என்று ஓரளவு நம்பலாம். வெளித்திரை மட்டும் கறுத்துக் கறுத்துத் திரும்பினால், அந்த இணைப்புக் கேபிளையோ, நகல் தடுப்புக்காக இரு கருவிகளும் செய்துகொள்ளும் சரிபார்ப்பு திரும்பத் திரும்ப முறிவதையோ சந்தேகிக்கலாம்.

இரண்டாவது, ஒளியைக் குறைக்கும் முறை. பல எல்இடி பின்னொளித் திரைகளும் ஓஎல்இடி திரைகளும் ஒளியைக் குறைக்க விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. அணைந்திருக்கும் நேரம் கூடினால் திரை மங்கலாகத் தெரியும். டால்பட் விதியே இங்கு வேலை செய்கிறது. பல ஓஎல்இடி கைபேசிகளில் இந்த வேகம் சுமார் 240 ஹெர்ட்ஸ். அண்மைக்காலத்தில் 1920, 2160, 3840 ஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்யும் கைபேசிகளும் வந்துள்ளன. இரவில் விளக்கணைத்து, ஒளியைக் குறைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு உறுத்தல் கூடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அப்போதுதான் விளக்கு அணைந்திருக்கும் நேரம் அதிகம்.

இதை வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒளியைப் பாதிக்கும் கீழே இறக்கி, அதன் முன்னால் ஒரு பென்சிலை விசிறிபோல வேகமாக ஆட்ட வேண்டும். பென்சில் ஒரே மங்கலான தடமாகத் தெரிந்தால் ஒளி சீரானது. தனித்தனிப் பென்சில்கள் வரிசையாக நிற்பதுபோலத் தெரிந்தால் ஒளி விட்டு விட்டு எரிகிறது. இன்னொரு கைபேசியின் கேமரா வழியாகப் பார்த்தால் பட்டைகள் தெரிவதும் இதே அறிகுறி. பட்டை தெரிவதாலேயே திரை பழுது என்று கொள்ளக்கூடாது. அது அந்தத் திரை செய்யப்பட்ட முறை.

மூன்றாவது, தானாக ஒளியைத் திருத்தும் ஏற்பாடுகள். பேட்டரியை மிச்சம் பிடிக்க, திரையில் ஓடும் காட்சியைப் பார்த்துப் பின்னொளியைக் குறைக்கும் வசதி இன்டெல், ஏஎம்டி இரண்டின் வரைகலை அமைப்புகளிலும் உண்டு. விண்டோஸ் 11-இலும் உள்ளடக்கத்துக்கு ஏற்ப ஒளியை மாற்றும் தெரிவு இருக்கிறது. எழுத்துப் பக்கத்தில் இது தெரியாது. இருட்டுக் காட்சியும் வெளிச்சக் காட்சியும் மாறி மாறி வரும் படத்தில், காட்சி மாறிய ஒரு நொடி கழித்துத் திரை மூச்சு விடுவதுபோல மங்கிப் பிரகாசிக்கும். புதுப்பிக்கும் வேகத்தையே தானாக ஏற்றி இறக்கும் திரைகளில் வேறொரு சிக்கல்: வேகம் மாறும்போது நிறங்களின் பிரகாசமும் சற்றே மாறுவதால், குறிப்பாகச் சாம்பல் நிழல் பகுதிகள் துடிக்கலாம். இவை இரண்டும் பேனலில் தெரிந்தாலும், நிறுத்தும் பொத்தான் அமைப்புகளுக்குள் இருக்கிறது. பேனல் என்ற விடையின் பெரிய பலவீனம் இதுதான். தெரியும் இடமும் பிறக்கும் இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது.

நான்காம் விடை: மென்பொருள்

யூடியூப் 2005-இல் வந்தபோது காணொளியை ஓட்டியது ஃபிளாஷ் என்ற மென்பொருள். திரை சிமிட்டினால் ஃபிளாஷ் அமைப்பில் ஹார்ட்வேர் ஆக்சலரேஷன் என்ற பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடு என்பது அந்தக் காலத்தின் பிரபலமான கைவைத்தியம். 2015 ஜனவரியில் யூடியூப் எச்டிஎம்எல்5 முறையை இயல்பாக்கியது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷின் ஆதரவு முடிந்தது. கைவைத்தியம் மட்டும் சாகவில்லை, பிரவுசருக்குக் குடிபெயர்ந்தது. குரோமில் அமைப்புகளுக்குள் சிஸ்டம் என்ற பகுதியிலும், ஃபயர்பாக்ஸில் செயல்திறன் என்ற பகுதியிலும் அதே தெரிவு இன்றும் இருக்கிறது.

அது ஏன் வேலை செய்கிறது? இணையத்தில் வரும் காணொளி எச்.264, விபி9, ஏவி1 போன்ற முறைகளில் சுருக்கப்பட்டு வருகிறது. அதை விரிக்கும் வேலையைப் பொதுச் செயலியே செய்யலாம். வரைகலைச் சிப்பில் அதற்கென்றே உள்ள பகுதியிடமும் விடலாம். இரண்டாம் வழியில் சூடு குறைவு, பேட்டரிச் செலவு குறைவு. ஆனால் பிரவுசர், விண்டோஸ், டிரைவர், சிப் என்று நாலு பேர் கைமாற்றிக் கொடுக்கும் வேலை அது. விரித்த படத்தை, மற்ற சாளரங்களோடு கலக்காமல், தனி அடுக்காகவே திரைக்கு அனுப்பும் ஓவர்லே என்ற வசதியும் உண்டு. எந்தக் கைமாற்றலில் பிசகு நேர்ந்தாலும், சட்டகத்துக்குப் பதில் ஒரு கணம் கறுப்போ பழைய சட்டகமோ மின்னும்.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்குப் பதிவான எடுத்துக்காட்டு ஒன்று: 461.09 டிரைவர் முதல் சில கணினிகளில் செயலிச் சாளரங்கள் சிமிட்டலாம், தடுக்கலாம் என்று என்விடியா நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் ஒப்புக்கொண்டு, விண்டோஸின் பல அடுக்கு ஓவர்லே வசதியை நிறுத்தும் கோப்பையும் வெளியிட்டது. ஆண்ட்ராய்டு கைபேசிகளின் டெவலப்பர் தெரிவுகளிலும் ஓவர்லேக்களை நிறுத்தும் பொத்தான் உண்டு. வல்லுநர்களே இந்த இடத்தைச் சந்தேகிக்கிறார்கள் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

ஆனால் டிக்கை எடுப்பது எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைக்கும் மருந்து அல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கி தமிழ்நாட்டு மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா லேப்டாப் போன்ற எளிய கருவிகளை எண்ணிப் பார்த்தால் இது புரியும். அவற்றில் விரிக்கும் வேலை முழுதும் பொதுச் செயலியின் தலையில் விழுந்தால், மின்விசிறி இரையும், சூடேறும், சட்டகங்கள் தவறும். சிமிட்டல் போய் அதன் இடத்தில் தடுக்கல் வந்து உட்காரும். இந்த விடையின் பலவீனம், அது நோயைத் தணிக்கிறதே தவிர எங்கே பிசகு என்று சொல்வதில்லை. அடுத்த டிரைவர் வந்ததும் டிக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. என்றோ சரியாகிவிட்ட கோளாறுக்காகக் கருவி பல ஆண்டு சூடாகவே ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

காணொளியே குற்றவாளியானால்

சில நேரம் நான்கு பேருமே நிரபராதி. இணைய வேகம் குறையும்போது காணொளி மங்கலான தரத்துக்கு இறங்கி மீண்டும் ஏறுகிறது. அந்தத் தாவலைச் சிமிட்டல் என்று நினைப்பதுண்டு. மிக அதிகமாகச் சுருக்கிய காணொளியில் சில நொடிக்கு ஒருமுறை முழுச் சட்டகம் வரும். நடுவில் வருபவை மாற்றங்களை மட்டும் சுமக்கும். முழுச் சட்டகம் வரும் கணத்தில் இருண்ட சுவரும் வானமும் திடீரெனத் துடித்து அடங்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவே இல்லை. சிமிட்டல் வந்ததும் பத்து நொடி பின்னால் தள்ளி அதே இடத்தை மீண்டும் பார்க்க வேண்டும். அதே சொல்லில், அதே அசைவில் திரும்ப வந்தால் கோளாறு பெரும்பாலும் காணொளிக்குள். வராமலோ வேறிடத்திலோ வந்தால் கருவியின் பக்கம்.

சோதனைகளும் அவற்றின் எல்லைகளும்

நான்கு விடைகளுக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல, மருந்துகளைவிடச் சோதனைகளே அதிகம் உதவுகின்றன. மைக்ரோசாஃப்ட் தன் பயனர்களுக்குச் சொல்லும் சோதனை எளிமையானது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்க வேண்டும். மற்றவற்றோடு அதுவும் சேர்ந்து சிமிட்டினால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு செயலியைச் சந்தேகிக்கலாம். அதே காணொளியை இன்னொரு பிரவுசரில் பார்ப்பதும், இறக்கி வைத்த படத்தை விஎல்சி போன்ற செயலியில் ஓட்டிப் பார்ப்பதும் இதன் நீட்சி.

திரையைப் பதிவுசெய்து பார்ப்பதும் பலர் சொல்வது. பதிவில் சிமிட்டல் இருந்தால் மென்பொருள், இல்லாவிட்டால் பேனல் என்பது வாதம். முதல் பாதியை ஏற்கலாம். இரண்டாம் பாதியில் ஓட்டை இருக்கிறது. ஓவர்லே அடுக்கில் நேரும் பிசகு, படம் பதிவாகும் கட்டத்துக்குப் பிறகு, திரைக்குச் செல்லும் கடைசிப் படியில் நிகழலாம். பதிவு சுத்தமாக இருக்கும், திரை சிமிட்டும். பதிவு தொடங்கியதுமே அமைப்பு ஓவர்லேயை விட்டுவிட்டு வழக்கமான வழிக்குத் திரும்பி, சிமிட்டலே நின்றுபோகவும் கூடும். சுத்தமான பதிவை மட்டும் காட்டி ஒருவரைப் பேனல் வாங்க வைப்பது அவசரம்.

சார்ஜரைப் பிடுங்கிப் பார்ப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பிடுங்கியதும் மின்சாரம் மட்டும் மாறுவதில்லை. ஒளி குறையலாம், புதுப்பிக்கும் வேகம் இறங்கலாம், பின்னொளிச் சிக்கனம் விழித்துக்கொள்ளலாம். ஒரே அசைவில் நாலு காரணங்கள் மாறும் சோதனையிலிருந்து ஒரே காரணத்தைக் கைகாட்ட முடியாது. ஒளியையும் புதுப்பிக்கும் வேகத்தையும் முன்பிருந்த அளவுக்கே கையால் திருப்பி வைத்துவிட்டு மறுபடி பார்த்தால் சோதனைக்கு ஓரளவு பொருள் வரும்.

கணினி ஏறும்போது, விண்டோஸ் வருவதற்கு முன் தோன்றும் பயாஸ் திரையைக் கவனிப்பது நம்பத்தக்க சோதனைகளில் ஒன்று. அங்கே பிரவுசர் இல்லை, டிரைவர் இல்லை. அந்தத் திரையும் துடித்தால் கேபிள், பேனல், தாய்ப்பலகை ஆகியவற்றின் பக்கம் போவதற்கு நியாயம் இருக்கிறது.

உடலுக்கு என்ன செய்கிறது

இந்தக் கேள்வி பழுதோடு முடிவதில்லை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் தொடரின் ஒரு பகுதியில், சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மின்னிய காட்சி சில நொடி ஓடியது. ஏறத்தாழ 685 பேர், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒளித்தூண்டல் வலிப்பு உள்ளவர்கள் மொத்த மக்களில் மிகச் சிலரே. ஆயினும் ஒளிபரப்பு விதிகள் பல நாடுகளில் இறுகின. இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிகளும் எந்த நொடியிலும் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக்கூடாது என்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத சிமிட்டல் பற்றியும் சான்று உண்டு. 1989-இல் அர்னால்ட் வில்கின்ஸும் உடனிருந்தோரும் பிரிட்டனில் ஓர் அலுவலகத்தில் குழல்விளக்குகளை ஒப்பிட்டார்கள். 100 ஹெர்ட்ஸில் துடித்த விளக்குகளுக்குப் பதில் மிக வேகமான விளக்குகள் வந்ததும், தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் மேல் குறைந்தன. 2015-இல் மின்பொறியாளர்களின் ஐஇஇஇ அமைப்பு எல்இடி ஒளித் துடிப்புக்கான பரிந்துரைகளை வெளியிட்டது. இவை விளக்குகளைப் பற்றியவை. கைபேசித் திரைக்கு அப்படியே பொருத்தலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. திரை விளக்கைவிடச் சிறியது, மங்கலானது, ஆனால் முகத்துக்கு மிக அருகில் இருப்பது.

தீர்ந்ததும் தீராததும்

நான்கு விடைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒவ்வொன்றும் தன் காலத்து இயந்திரத்துக்குச் சரியாகவே பொருந்தியது: சுழல் தகட்டுக் கருவிக்குக் கண், படக்குழாய்க்கு மின்சாரம், தட்டைத் திரைக்குப் பேனல், இணையக் காணொளிக்கு மென்பொருள். இயந்திரம் மாறிய பிறகும் விடை மட்டும் பழக்கமாகத் தங்கிவிடுகிறது. காணொளி ஓடும்போது மட்டும் சிமிட்டும் திரைக்கு, கிடைக்கும் சான்றுகளின்படி, முதலில் காணொளியையும் அடுத்து மென்பொருளையும் சந்தேகிப்பது நியாயம். எப்போதும் சிமிட்டும் திரைக்குக் கேபிளும் பேனலும். வீட்டு விளக்கும் சேர்ந்து துடித்தால் மட்டுமே மின்சாரம். இந்த வரிசை மாறும்போது நட்டம் அடைவது, மாற்றுத் திரை இல்லாத வீடுதான். 2019 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் இணையப் பாடங்களும் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளியாகவே மாறியபோது, பல வீடுகளில் ஒரு கைபேசிதான் வகுப்பறை. அங்கே தவறான நோய்க்கணிப்பு ஒரு பிள்ளையின் பாட நாள்களைத் தின்னும்.

திறந்து நிற்கும் கேள்விகள் மூன்று. விட்டு விட்டு எரியும் ஓஎல்இடி திரையை ஆண்டுக்கணக்கில் இரவில் பார்ப்பவர்களுக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கு, என்ன ஆகிறது என்பதற்கு விளக்குகள் பற்றிய ஆய்வுகள் பாதி விடையே தருகின்றன. ஓவர்லே அடுக்கில் நேரும் பிசகைச் சாதாரணப் பயனர் தன் வீட்டிலேயே உறுதியாகப் பிடிக்க நம்பகமான வழி இன்னும் இல்லை. மூன்றாவது நடைமுறைக் கேள்வி: டிக் எடுப்பது, பின்தள்ளிப் பார்ப்பது, மூடியை அசைப்பது, பயாஸைக் கவனிப்பது ஆகிய பத்து நிமிடச் சோதனைகளை ஊரில் யார் செய்து தருவார்கள்? ஏம்பலத்துக் கோயிலறையில் 1998-க்குப் பின் அந்த இடத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது கணினி ஒவ்வொரு வீட்டுக்கும் கைபேசியாக வந்துவிட்டது. திரை சிமிட்டினால் எடுத்துக்கொண்டு போய்க் கேட்க, காசு கேட்காத அப்படி ஓர் அறை எத்தனை ஊர்களில் இருக்கிறது என்பதும் இந்த ஆய்வுக்குள் வர வேண்டிய கேள்விதான்.